நாலடுக்குக் கேரியரும் மூத்த மாப்பிள்ளையும்

முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலை வாசலில் உட்கார்ந்து, மற்றவர்கள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதியவர் உத்திராபதி. இனிமேல் தன் நேரத்தைத் தானே எழுதிக்கொள்வது என்று அறுபத்து மூன்றாம் வயதில் முடிவு செய்தார். கடலூரிலிருந்து வேதாரண்யம் வரை சைக்கிள் பயணம். நாலு நாள். நூற்றெழுபத்தெட்டு கிலோமீட்டர். துணைக்கு யாரும் கிடையாது. முக்கியமாக, மனைவி ஞானாம்பாள் கிடையாது.

கிளம்புவதற்கு அவர் பொறுக்கியெடுத்த நாள் தை மாதத்து வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் கீரப்பாளையத்தில் மைத்துனர் தட்சிணாமூர்த்தி வீட்டில் பந்தக்கால். ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் மகன் சிலம்பரசனுக்குக் கல்யாணம். பந்தக்காலை அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளைதான் பிடித்து நட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மூத்த மாப்பிள்ளை உத்திராபதிதான். வேறு யார்?

நாலு பேர் பார்த்தாலே அவருக்குக் காது சிவந்துவிடும். போன தடவை, மைத்துனர் மகள் கல்யாணத்தில், மாலை போட்டு, தலைப்பாகை கட்டி, தெருமுனையிலிருந்து மேளத்தோடு நடத்திக்கொண்டு வந்தார்கள். தலைக்கு மேல் ஒரு டிரோன் குளவி மாதிரி சுற்றியது. அவரை நோக்கி நீண்ட செல்போன்கள் முப்பத்தேழு. கூச்சத்தில் நெளிந்துகொண்டே எண்ணிவிட்டார். "மாமா, ஒரு சிரிப்பு!" என்று முப்பத்தேழு பேரும் கேட்டார்கள். ஒரு மனிதனுக்கு ஒரு நாளில் எத்தனை சிரிப்புதான் வரும்? கேட்க ஆள் இல்லையா?

அதனால்தான் இந்தப் பயணம்.

"வெள்ளிக்கிழம காலைல அஞ்சே முக்காலுக்குக் கெளம்புறேன்," என்று மனைவியிடம் அறிவித்தார்.

"எங்கங்க?"

"வேதாரண்யம்."

"எதுல?"

"சைக்கிள்ல."

"பந்தக்காலு?"

"நீ பஸ்ல போ. நான் கீரப்பாளையம் பக்கமே வரப் போறதில்ல. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர், நேரா சிதம்பரம்."

சண்டை வரும் என்று பதினொரு பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தார். ஞானாம்பாள், "சரி, போய்ட்டு வாங்க. ஒடம்புக்கும் நல்லதுதான்," என்று சொல்லிவிட்டாள். பதினொன்றும் வீண்.

வெங்காயம் அரிந்துகொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள். "முட்லூரு எத்தினி மணிக்கு வரும்?"

"ஒம்பதரை."

நேரம் கேட்டால் சொல்லாமலிருக்க அவருக்கு வராது. முப்பத்தொரு வருஷப் பழக்கம்.

வெள்ளிக்கிழமை காலை சைக்கிளின் பின்னால் நாலடுக்கு டிபன் கேரியரை அவளே கயிறு போட்டுக் கட்டினாள். மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'மேல் அடுக்கு ஏழரைக்கு. மற்ற மூன்றும் ஒன்பதரைக்கு, முட்லூரில். அதற்கு முன் திறக்கக் கூடாது.' எழுத்தில் இருந்தால் உத்திராபதிக்கு அது சட்டம். செல்போனை அணைத்தார். மிதித்தார்.

ஆஹா! பனி வயலின் மேல் படுத்திருந்தது. அறுவடை முடிந்த வயல்களில் கொக்குகள். ஆலப்பாக்கத்துக்குள் நூற்றுப் பதினாலு எண்ணினார். 'பாத்துப் போங்க', 'மப்ளர் கட்டுங்க', 'லாரிக்கு வழி வுடுங்க' என்று சொல்ல ஒரு ஜீவன் இல்லை. ஏழரைக்கு ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்து மேல் அடுக்கைத் திறந்தார். ஆறு இட்லி, மிளகாய்ப்பொடி. புதுச்சத்திரத்தில் டீ. அவசரமே இல்லை. சைக்கிளுக்கு அவர் முதலாளி, அவருக்கு யாரும் முதலாளி இல்லை.

சரியாக ஒன்பதரைக்கு முட்லூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது அடுக்கைத் திறந்தார்.

மஞ்சள், குங்குமம், நவதானியம். ஒரு சின்னப் பொட்டலத்தில் பொடிக் கற்கள்.

மூன்றாவதில் ஒரு பட்டு வேட்டி, மடித்துத் திணித்திருந்தது.

நாலாவதில் ஒரு கடிதம்.

'ராகுகாலம் பத்தரைக்கு. அதுக்குள்ள பந்தக்கால் நடணும். சாமான் உங்ககிட்ட இருக்கு. முட்லூரிலிருந்து கீரப்பாளையம் பதினொரு கிலோமீட்டர். நீங்க மணிக்குப் பன்னெண்டு ஓட்டுறீங்க, நீங்க கணக்கெழுதுற சைக்கிள் நோட்டுல பாத்தேன். அஞ்சு நிமிஷம் மிச்சம் இருக்கு. டீ குடிக்கலாம்.'

டீக்கடைக்காரர் சுப்பராயலு எட்டிப் பார்த்தார். "இன்னா சார், வூட்டுல சோறு வெக்க மறந்துட்டாங்களா?"

"மறதியா? இது சதி!" என்றார் உத்திராபதி. சொன்ன பிறகுதான் கடையில் ஆறு பேர் இருப்பது தெரிந்தது. காது சிவந்தது. மரத்தடிக்குப் போய்ச் செல்போனை உயிர்ப்பித்தார்.

"முட்லூர் வந்துட்டீங்களா?" என்றாள் ஞானாம்பாள். ஆறேகால் பஸ்ஸில் போய் எப்போதோ இறங்கியிருந்தாள்.

"இது அக்கிரமம், ஞானா!"

"இட்லி மெதுவா இருந்துச்சா?"

"இட்லிய வுடு! பந்தக்கால் சாமான எதுக்கு என் சைக்கிள்ல கட்டின?"

"பஸ்ல கூட்டம் ஜாஸ்திங்க. நசுங்கிப் போச்சுன்னா?"

"இப்பவே ஒரு பஸ்ல குடுத்து அனுப்புறேன் பாரு."

"அனுப்புங்க. நவரத்தினக் கல்லு ஒம்போது இருக்கான்னு எண்ணிக் குடுங்க. எட்டா வந்து சேந்தா ஆயுசுக்கும் உங்களத்தான் சொல்லுவாங்க."

எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார். ஒன்பது. ஒன்பதை எண்ணி வாங்கி, ஒன்பதாகவே கொண்டுசேர்க்கும் கண்டக்டர் இந்த ஜில்லாவில் இருக்கிறாரா? அவருக்குத் தெரிந்து இல்லை.

"நான் வரலன்னா?"

"இன்னா பண்ண முடியும்? குழி வெட்டியாச்சு. அறுவது பேரு குழியச் சுத்தி நிக்கிறோம். ராகுகாலம் வந்தா வரட்டும்."

வைத்துவிட்டாள்.

மணி ஒன்பது முப்பத்தாறு. முப்பத்தொரு வருஷம் அடுத்தவன் தாமதத்தைச் சிவப்பு மையில் எழுதிய கை ஹேண்டில்பாரைப் பிடித்தது. சிதம்பரத்துக்குப் போகிற சாலையை ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்தார். புவனகிரிப் பக்கம் திருப்பினார்.

வழியெல்லாம் திட்டினார். அவளை, அவள் தம்பியை, கல்யாணம் என்ற ஏற்பாட்டையே. சாலையில் யாரோ வைக்கோலைக் காயப் போட்டிருந்தார்கள். அது செயினில் சுற்றிக்கொண்டது. உருவி எடுக்க மூன்று நிமிஷம். வெள்ளாற்றுப் பாலத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினார். மணிக்குப் பதினாலரை! வாழ்நாளில் எட்டாத வேகம். நோட்டில் பெருமையாக எழுத வேண்டியது. எதற்காக எட்டினோம் என்று நினைத்தபோது இன்னும் கோபம் வந்தது.

பத்து இருபத்துநாலுக்குக் கீரப்பாளையம். தெருமுனையிலேயே மேளம் காத்திருந்தது. "மாமா வந்துட்டாரு!" என்று தட்சிணாமூர்த்தி ஓடி வந்து மாலையைப் போட்டார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட விடவில்லை. முக்கால் கால்சட்டையின் மேலேயே யாரோ பட்டு வேட்டியைச் சுற்றினார்கள். கேரியரை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள். தலைக்கு மேலே குளவிச் சத்தம். "சீர எடுத்துக்கினு கடலூர்லேர்ந்து சைக்கிள்லயே வந்திருக்காரு, எங்க மாமா!" என்று தட்சிணாமூர்த்தி மைக்கில் வேறு சொன்னார். தெருவே கை தட்டியது. செல்போன்கள் ஐம்பத்திரண்டு.

பத்து இருபத்தேழுக்குப் பந்தக்கால் குழியில் இறங்கியது.

மூச்சு வாங்க நாற்காலியில் சாய்ந்தபோதுதான் கவனித்தார். பக்கத்து பெஞ்சில் அவருடைய கேரியர் இருந்தது. இரண்டாவது அடுக்கைத் திறந்தார். மஞ்சள் இருந்தது. நவதானியம் இருந்தது. கல் ஒன்பதும் இருந்தது.

"தட்சிணா, நான் கொண்டாந்தது அப்படியே இருக்கே! அப்ப குழியில போட்டது எது?"

"அதெல்லாம் நேத்தே வாங்கியாச்சே மாமா."

உத்திராபதி மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். "ஞானா! அப்ப நான் எதுக்கு இந்த மிதி மிதிச்சேன்?"

"சாமான் எந்தக் கடையிலயும் கெடைக்குதுங்க. மூத்த மாப்பிள்ளதான் கெடைக்க மாட்டேங்குறாரு," என்றாள் ஞானாம்பாள். "எங்க, ஒரு சிரிப்பு!" என்று தன் செல்போனை நீட்டினாள்.

ஐம்பத்து மூன்று.