நாலாம் நம்பருக்கு என்ன ஆச்சு?

நாலாம் நம்பர் மறுபடியும் சோம்பிக் கிடந்தது.

"செல்வம், இன்னொரு தரம் பாரேன். ஒயர் ஏதாவது லூசா இருக்கா?"

"மூணு தடவ மாத்திட்டேன் மேடம். ஒயர் சரியாத்தான் இருக்கு. இதுதான் எந்திரிக்க மாட்டேங்கு."

நாலாம் நம்பர் என்பது ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு பேட்டரி. மும்பை செம்பூரில் ஒரு பழைய இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டின் இரண்டாவது மாடியில், ஒற்றை அறைக்கு லேப் என்று பெயர் வைத்துக்கொண்டு மாட்டுங்கா சுஷ்மா செய்தது. தாராவி செல்வம் அவளுக்கு டெக்னீஷியன்.

கடையில் விற்கிற லித்தியம் பேட்டரிக்குள் ஒரு திரவம் இருக்கும். சூடானால் வீங்கும், ரொம்பக் கோபம் வந்தால் தீயும் பிடிக்கும். சுஷ்மாவின் பேட்டரியில் சொட்டுத் திரவம் கிடையாது. அதற்குப் பதில் மெல்லிய பீங்கான் வில்லை. லித்தியமும் பீங்கானும் ஒட்டாமல் முறைத்துக்கொள்ளும் என்பதால் நடுவில் சமாதானம் பேச ஒரு கிராஃபீன் படலம். முதல் மூன்று பேட்டரிகளில் சமாதானம் ஆகவில்லை. நாலாவதில் ஆகிவிட்டது. டம்ளரில் காபி ஆறுவதற்குள் முழுச் சார்ஜ் ஏறியது. அன்று சுஷ்மா சந்தோஷத்தில் பஸ்ஸை மறந்து கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்தே வீட்டுக்குப் போனாள்.

அது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். பூஜைக்குப் பிறகு பேட்டரி மத்தியானச் சாப்பாடு முடித்த குமாஸ்தா மாதிரி வேலை பார்த்தது.

நாளைக் காலையில் புனேயிலிருந்து முதலீட்டாளர்கள் வருகிறார்கள். நாலாம் நம்பர் ஓடினால் லேப் ஓடும். ஓடாவிட்டால் சுஷ்மா பழைய ஆபீசுக்கும் செல்வம் மச்சான் பட்டறைக்கும் திரும்ப வேண்டியதுதான். புதிதாக இன்னொன்று செய்ய நேரமில்லை.

"பூஜை அன்னிக்கு இதை என்ன பண்ணினே?"

"நீங்கதான மேடம் சாமி தட்டுல வைக்கச் சொன்னீங்க, இதுதான் நம்ம ஆயுதம்னு."

சொன்னது வாஸ்தவம். செல்வம் அன்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஸ்க்ரூடிரைவர், தராசு, வாட்ச்மேன் அய்யாத்துரை கொண்டுவந்து வைத்த கம்பு, குட்டி டார்ச் என்று எல்லாவற்றையும் முடிந்த மட்டும் பிரித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தான். துடைத்த வேகத்தில் பேட்டரி மேல் எழுதியிருந்த 4 அழிந்துபோய், மறுபடி எழுத வேண்டியிருந்தது.

"சந்தனத்திலே தண்ணி உண்டே. ஈரம் உள்ளே போயிருக்குமோ?"

சுரண்டினார்கள், துடைத்தார்கள், காய வைத்தார்கள். பலனில்லை.

"எனக்கென்னமோ நஜர், யார் கண்ணோ பட்ருக்குன்னு தோணுது மேடம்" என்று செல்வம் கீழே போய் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்த சரம் வாங்கிவந்து பேட்டரி சோதிக்கிற மெஷினில் கட்டினான். சுஷ்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

"படலம் கொஞ்சம் விலகியிருக்கும். இறுக்கிப் பிடிச்சா ஒட்டிக்கும்."

இறுக்கினார்கள். கம்ப்யூட்டரில் சார்ஜ் காட்டுகிற கோடு இன்னும் இறங்கியது.

"அப்போ சூடு காட்டுவோம். பீங்கான்தானே, தாங்கும்."

ஓவனுக்குள் வைத்தார்கள். செல்வம் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான்.

"மேடம், இது பூரி மாதிரி உப்புது."

"உப்பாது செல்வம். உள்ளே திரவமே இல்லையே."

"உப்புதே மேடம்."

சுஷ்மா வந்து பார்த்தாள். உப்பிக்கொண்டுதான் இருந்தது. அவள் பயந்திருக்க வேண்டும். ஆனால் கல் எப்படி உப்பும் என்ற ஆச்சரியத்தில் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றாள். செல்வம்தான் பயந்து பிளக்கைப் பிடுங்கினான். பிடுங்கின வேகத்தில் பொறி பறந்து ஃபியூஸ் போய், அறையே இருட்டாகிவிட்டது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அய்யாத்துரை டார்ச்சோடு வந்தார்.

"ஏல செல்வம், லைட்டு போயிட்டு. என்ன வேல பாத்த?"

"அண்ணாச்சி, கண்ணு கூசறது. கொஞ்சம் கீழே பிடிங்கோ" என்றாள் சுஷ்மா. பேட்டரி ஆறியதும், "செல்வம், இதைப் பிரிச்சுப் பார்க்கப் போறேன்" என்றாள்.

"மேடம், நாளைக்குக் காட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

"உப்பினதைக் காட்டி என்ன சொல்றது? ஏன் உப்பித்துன்னு தெரியாட்டா எனக்குத் தூக்கம் வராது."

ஆர்கன் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, பேட்டரியின் விளிம்பை வெட்டினாள். அய்யாத்துரை வெளியிலிருந்து வெளிச்சம் காட்டினார். மூடி திறந்ததும் ஒரு சொட்டு விழுந்தது.

"ஈரம்" என்றான் செல்வம். "சந்தனத் தண்ணியா மேடம்?"

சுஷ்மா இடுக்கியால் கிளறினாள். பீங்கானைக் காணோம். கிராஃபீனைக் காணோம். திரவத்தில் ஊறின பிளாஸ்டிக் தாள்தான் வந்தது.

"இது கடைப் பேட்டரி" என்றாள் மெதுவாக. "காலையிலேருந்து நாம கடைப் பேட்டரிக்கு வைத்தியம் பார்த்துண்டிருக்கோம்."

செல்வம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "அப்போ நம்ம நாலாம் நம்பர் எங்க போச்சு?"

சுஷ்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தரையில், மேஜைக்கடியில், குப்பைக் கூடையில் என்று இரண்டு பேரும் தேட ஆரம்பித்தார்கள். அவர்கள் போன பக்கமெல்லாம் அய்யாத்துரையின் வெளிச்சமும் கூடவே போனது. அவருக்கே பார்க்கப் பாவமாக இருந்தது.

"மெல்லத் தேடுங்க மேடம், எவ்வளவு நேரம்னாலும் நான் வெளிச்சம் புடிக்கேன்" என்றார். "முன்னெல்லாம் இந்த டார்ச்சு பத்து நிமிசம் எரிஞ்சா மங்கிரும். நம்ம செல்வம் பூஜைக்குக் கழட்டித் தொடச்சு மாட்டிக் குடுத்ததுலேருந்து, ஒரு தடவகூட சார்ஜே போடல."