சாச்சா கடைக்கு நான் வைத்த மேனேஜர்

படிக்க வேண்டியதைப் பாதியில் மூடிவிட்டு, முழுக்கப் படித்த முகத்தோடு நடமாடுவதில் என்னை மிஞ்ச மதுரையில் ஆள் கிடையாது. இருபத்திரண்டு வயதில் அந்த முகத்தை நம்பியவர் என் சாச்சா, அதாவது அத்தாவின் (அப்பாவின்) தம்பி.

சிம்மக்கல்லில் அவருக்கு மொத்த மருந்துக் கடை. பில், சரக்கிருப்பு, ஆட்கள் வருகை என்று மூன்று வேலைக்கு மூன்று கிழட்டுக் கம்ப்யூட்டர்கள். நான் அப்போதுதான் ஒரு கம்பெனியில் சர்வர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். (சேர்ந்து நாலு மாதம். பேச்சில் நாற்பது வருட அனுபவம்.)

"மூணையும் ஒரே சர்வருக்குள்ள குடிவச்சிரலாம் சாச்சா. உள்ளுக்குள்ள தனித்தனியா ஓடும். மேய்க்கிறதுக்கு ஒரு மேனேஜர் சாஃப்ட்வேரும் போட்டுர்றேன்."

"மெமரி எம்புட்டு வேணும்?"

"ஒவ்வொண்ணுக்கும் நாலு ஜிபி. பதினாறு வாங்குவோம், நாலு மிச்சமே இருக்கும்."

அந்த மேனேஜருக்கு எவ்வளவு வேண்டும் என்பது மென்பொருளின் தேவைப் பட்டியலில் தெளிவாகவே இருந்தது. பட்டியல் நீளமாக இருந்ததால் மரியாதையாக ஒதுங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றையும் சர்வருக்குள் மாற்றினேன். அழகாக ஓடின. திங்கள் காலை பழைய கம்ப்யூட்டர்களை லோடு ஆட்டோவில் ஏற்றி, சமயநல்லூரில் மாமி நடத்தும் டியூஷன் சென்டருக்கு அனுப்பிவைத்தேன். பிறகு சர்வருக்குள் ஓடிய மூன்றையும் நிறுத்திவிட்டு மேனேஜரை நிறுவினேன். அவர் ஜம்மென்று வந்து உட்கார்ந்தார். சர்வருக்குள் இருந்த பில் கம்ப்யூட்டரை எழுப்பினால், மெமரி போதவில்லை என்றது. பதினாறில் பதினான்கை மேனேஜரே எடுத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோக்காரருக்குப் போன் போட்டேன். "அண்ணே, திரும்பி வாங்க!"

"பரவை மார்க்கெட் நெரிசல்ல நிக்கிறேன் தங்கச்சி. முன்னால போகவே வழியில்ல, எங்குட்டுத் திரும்ப?"

கடை வாசலில் மெடிக்கல் ஷாப்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள். "பாய், இன்சுலின் கேட்டு ஆளு உக்காந்துருக்கு, சீக்கிரம்" என்றார் ஒருவர். சாச்சா பழைய பில் புத்தகத்தைத் தேடி எடுத்து, கையால் எழுத ஆரம்பித்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கழிவறைப் பக்கம் போய் நின்று, ஆபீஸ் சீனியரைக் கூப்பிட்டேன்.

"மொத்தம் எத்தனை சர்வரும்மா?"

"ஒண்ணுதாண்ணே."

"பல சர்வர் இருந்தா மேய்க்கத்தாம்மா அது. ஒண்ணே ஒண்ணுக்கு எதுக்கு? தூக்கிரு."

தூக்கினேன். ஐந்தே நிமிடத்தில் மூன்றும் எழுந்துவிட்டன. சாச்சா பேனாவை மூடினார்.

"இம்புட்டு நேரம் என்னதான் கோளாறு?"

"மேனேஜர்தான் சாச்சா. எடம் பூராம் அவரே பிடிச்சுக்கிட்டாரு."

"அவரை வரச் சொன்னது யாரு?"

"நாந்தான்."

அந்த வாரமே கதை குடும்பம் முழுக்கப் பரவியது. இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில், வேலை செய்யாமல் நாற்காலி போட்டு அதிகாரம் பண்ணுகிறவருக்குப் பெயர் 'சர்வர் மேனேஜர்'.

போன வருடம் ஆபீசில் எனக்கு மேனேஜர் பதவி கிடைத்தது. முதலில் சாச்சாவுக்குத்தான் போன் செய்தேன். "மாஷா அல்லாஹ்" என்று மனதார வாழ்த்தினார். பிறகு, மெதுவாகக் கேட்டார்:

"மத்த பிள்ளைக உக்கார எடம் விட்டுருக்கியாம்மா?"