சிலிப்பர் அக்காவின் பதின்மூன்று படிகள்

கண்டி நகரத்தில் தேர்தலுக்கு நிற்பவர்களைவிட அதிகமான ஆட்களைத் தெரிந்து வைத்திருப்பவர் எங்கள் சிலிப்பர் அக்காதான். ஆனால் அவர்களில் ஒருவருடைய முகமும் அவருக்கு ஞாபகமில்லை. பெயர் சுத்தமாக ஞாபகமில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களுடைய செருப்பு மட்டும்தான்.

அக்காவின் தொழில் மசாஜ். பெண்களுக்கு மட்டும். ஹாஜியாரின் புடவைக்கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை. உள்ளே உயரமான கட்டில், ஒரு திரைச்சீலை, மூன்று போத்தல் எண்ணெய், சட்டம் போட்ட ஒரு சான்றிதழ். வெளியே காத்திருப்பவர்கள் உட்கார ஒரு நீள வாங்கு. மேலே போகும் வழி கடைக்குள்ளே இல்லை. பக்கத்துச் சந்திலிருந்து பதின்மூன்று படி ஏற வேண்டும்.

அந்தப் பதின்மூன்று படிகள்தான் அக்காவின் நம்பர் சீட்டு. உள்ளே படுத்திருப்பவரின் செருப்பு உச்சிப்படியில் இருக்கும். அடுத்தவருடையது அதற்குக் கீழே. இப்படியே ஒரு படிக்கு ஒரு ஜோடி. ஒருவர் வெளியே வந்ததும் வாங்கிலிருக்கும் எல்லோரும் எழும்பி, அவரவர் செருப்பை ஒரு படி மேலே ஏற்றிவைத்துவிட்டு வந்து உட்கார வேண்டும். பாதி வைத்தியம் அந்தக் குனிந்து நிமிர்வதிலேயே முடிந்துவிடும் என்பது என் சந்தேகம்.

ஒருமுறை அவசரத்திலிருந்த ஒரு டீச்சர் தன் செருப்பை யாருக்கும் தெரியாமல் மூன்று படி மேலே வைத்துவிட்டார். அக்கா திரையை விலக்கிப் படிகளை ஒரு பார்வை பார்த்தார்.

"குதிக்கால் வலிக்காரவங்க எட்டாவது படியிலதானே இருந்தாங்க? ஆள் வாங்குல, செருப்பு மட்டும் எப்பிடிங்க ஏறுச்சு?"

டீச்சர் எழும்பிப் போய்ச் செருப்பை இறக்கி வைத்தார். வகுப்பில் அவர் எத்தனை பிள்ளைகளை அப்படி எழுப்பி நிறுத்தியிருப்பாரோ தெரியாது.

நான் முதன்முதலில் போனபோது, "அக்கா, எனக்கு இந்த…" என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"வலிக்கிற எடத்தச் சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா என் கை அங்கேயேதான் ஓடும். அடிக்கிறது ஒரு எடம், அழுவுறது ஒரு எடம்."

பிறகு என் செருப்பை எடுத்துக் கவிழ்த்து, எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிற டொக்டர் போல ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். 

"இடது குதி தேஞ்சு போயிருக்கு. பை எந்தத் தோள்ல?"

"இடது தோள்ல."

"அதுல என்னா, கந்தோரையே தூக்கிட்டுத் திரியிறீங்களா?"

கந்தோர் வேலைக்குக் கொண்டுபோகும் அந்தப் பையில் குடை, சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், இன்னொரு குடை. கண்டி மழையை ஒரு குடையோடு நம்பக் கூடாது என்பது என் கொள்கை. அன்றிலிருந்து எனக்கு அக்கா வைத்த பெயர் 'இடது தோள்'. என் அப்பா ஆசையாக வைத்த பெயரை அந்தப் பதின்மூன்று படிகளுக்குக் கீழேயே விட்டுவிட்டுத்தான் இன்றுவரை ஏறுகிறேன்.

ஒருநாள் மார்க்கெட்டில் கீரைக் கட்டோடு நின்ற அக்காவைப் பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். வழி கேட்கும் ஆளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். பார்வை மெல்ல இறங்கிக் காலுக்கு வந்தது. முகம் மலர்ந்தது.

"அட, இடது தோள்! சொகமா இருக்கீங்களா? மொகத்தப் பாத்து யாரோன்னு நெனச்சிட்டேன்."

அக்காவுக்குச் சொந்த ஊர் நாவலப்பிட்டி. தனியாகத் தொழில் தொடங்குமுன் மலைப்பக்கம் ஒரு பெரிய ஓட்டலில் ஏழெட்டு வருடம் வேலை பார்த்தார். அங்கே காதில் பூ வைத்துக்கொள்ள வேண்டும், மெதுவாகப் பேச வேண்டும், ரெக்கோர்டரில் குருவிச் சத்தம் போட வேண்டும். பூவைப் பொறுத்துக்கொண்டார். குருவியைத்தான் பொறுக்க முடியவில்லை. "ஜன்னலத் தொறந்தா ஆயிரம் குருவி கத்துது. அத மூடிட்டு ரெக்கோர்டர்ல குருவியப் போடுறாங்க" என்பது அக்காவின் முறைப்பாடு. போதாததற்கு, விலை உயர்ந்த சப்பாத்தோடு வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம், "இதத் தூக்கி எறிஞ்சாத்தான் ஒங்க முதுகு நிமிரும்" என்று சைகையிலேயே விளக்கிவிட்டாராம். அந்த அம்மா மகிழ்ச்சியோடு எறிந்துவிட்டுப் போனார். மனேஜருக்குத்தான் மகிழ்ச்சி இல்லை.

அக்காவின் செருப்புச் சாத்திரம் பிழையாய்ப் போனது ஒரே ஒரு தடவைதான். அதற்குக் காரணம் நான்.

வெள்ளிக்கிழமை கோவிலில் செருப்பு மாறிப்போவது நம் சனத்துக்குப் புதிதல்ல. அன்று கூட்டத்தில் என்னுடையதைப் போலவே இருந்த ஒன்றை மாட்டிக்கொண்டு நேரே அக்காவிடம் வந்துவிட்டேன். அக்கா வழக்கம்போலக் கவிழ்த்துப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், என் வலது இடுப்பில் கை வைத்தார். நாற்பது நிமிடம்! வலிக்கிற இடத்தைச் சொல்லக் கூடாது என்பது சட்டமாயிற்றே. நான் வாயைத் திறக்கவில்லை. பிறந்த நாளிலிருந்து என் வலது இடுப்புக்கு அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை. இடது தோள் மட்டும் ஓரமாகக் கிடந்து முனகிக்கொண்டிருந்தது.

எழும்பும்போது தோளைப் பிடித்துக்கொண்டதை அக்கா கண்டுவிட்டார். ஓடிப்போய்ச் செருப்பை மறுபடி எடுத்தார்.

"இது ஒங்க செருப்பு இல்ல!"

"கோவில்ல மாறிருச்சு போல, அக்கா."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்கு வேறு கவலை. "ஐயோ பாவம், இந்தப் பொம்பளைக்கு இடுப்பு ரொம்ப மோசம். எப்பிடியாச்சும் தேடிப் புடிச்சு அனுப்புங்க."

அடுத்த வெள்ளி, சாமியைப் பார்க்காமல், வெளியே வருகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டு கோவில் வாசலில் நின்றேன். என் செருப்பு வந்தது, உயரமான ஒரு நர்ஸின் காலில். ஓடிப்போய், "ஒங்களுக்கு வலது இடுப்பு வலிக்குதா?" என்று கேட்டேன். அவர் பயந்துபோய்க் கைப்பையை இறுக்கிக்கொண்டார்.

"குறி சொல்றீங்களா? எனக்கு அதுல நம்பிக்கை இல்ல." இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தார். "ஆனா, எப்பிடித் தெரியும்?"

அந்த நர்ஸ் இன்று 'வலது இடுப்பு' என்ற பெயரில் என் நெருங்கிய சிநேகிதி.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வினை போர்டில் வந்தது. வாசலில் மூன்று பாஷையிலும் 'மசாஜ்' என்று பெரிதாக எழுதிவைத்திருந்தார் அக்கா. அந்த வார்த்தையைக் கண்டால் சில ஆண்களுக்குப் புத்தி வேறு பக்கம் ஓடும். அவ்வப்போது ஒருவன் தலைமயிரைத் தடவிவிட்டுக்கொண்டு ஏறி வருவான். அக்கா கோபப்படவே மாட்டார்.

"தம்பி, இது பொம்பளைங்களுக்கு மட்டும். ஆனா வந்தது வந்துட்டீங்க, அந்த வலது செருப்பக் காட்டுங்க. பைக்க ஒதைச்சு ஒதைச்சு நாசமாக்கி வச்சிருக்கீங்க. செவத்துல சாஞ்சு நில்லுங்க. குதியத் தூக்குங்க. இருபது தடவ."

வாங்கிலிருக்கும் ஏழெட்டுப் பெண்கள் எண்ணிக்கொண்டிருக்க அவன் குதியைத் தூக்குவான். வேறு எண்ணத்தோடு வந்தவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை நீதிமன்றத்திலும் கிடைக்காது. அப்படி வந்த ஒருவன் அடுத்த கிழமை தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் எதிர்ப்பக்கத்தில் டியூட்டரி நடத்தும் மாஸ்டருக்கு அந்த போர்ட் கண்ணில் விழுந்த தூசி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பாடுபட்டு டியூட்டரியை வளர்த்தவர். படிக்க வரும் பிள்ளைகளின் தாய் தகப்பன் என்ன நினைப்பார்கள் என்று அவருக்குப் பயம். அறையின் சொந்தக்காரரான ஹாஜியாரின் காதில் ஓதிக்கொண்டே இருந்தார். ஹாஜியார் நல்ல மனிதர். நோன்பு மாதத்தில் படியேறும் எல்லோருக்கும் கஞ்சி அனுப்புகிறவர். ஆனால் ஊர்வாய்க்குப் பயந்தவர். ஒரு திங்கட்கிழமை சந்தில் நின்று மேலே பார்த்துச் சொன்னார்.

"தங்கச்சி, ஒங்கள்ல ஒரு கொறையும் இல்ல. சனம் ஒவ்வொண்டு பேசுது. மாசம் முடிய ரூம விட்டுத் தாங்க."

அந்த வாரம் அக்காவின் கையே சரியில்லை. அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தாமல் சும்மா வைத்துக்கொண்டிருந்தார். வேறு அறை தேடிப் போன இரண்டு இடங்களில், 'மசாஜ்' என்றதும் கதவைச் சாத்திவிட்டார்களாம். 'பிசியோ' என்றோ 'மூலிகை நிலையம்' என்றோ போர்டை மாற்றச் சொல்லி நாங்கள் கெஞ்சினோம்.

"நான் செய்றது மசாஜ். அது என்ன கெட்ட வார்த்தையா? யாரோ கெடுத்துட்டாங்கன்னு நான் ஏன் பேர மாத்தணும்?" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஓட்டல்ல திரும்பக் கூப்புடுறாங்க. போகணும் போலதான் இருக்கு. திரும்பவும் அந்தக் குருவிச் சத்தம்."

சிரிப்பதற்காகத்தான் அதைச் சொன்னார். எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம். நான் வாங்கின் முதலாவது ஆள். பதின்மூன்று படியிலும் செருப்பு. ஹந்தானைத் தோட்டத்துச் செம்மண் ஒட்டிய ரப்பர் செருப்பு, பேங்க்காரியின் கறுப்புச் சப்பாத்து, 'வலது இடுப்பின்' வெள்ளைச் சப்பாத்து. கீழே மாஸ்டரின் குரல் கேட்டது.

"எப்பிடியான ஆக்கள் வந்து போகினம் எண்டு நீங்களே ஒருக்காப் பாருங்கோ ஹாஜியார்!"

ஹாஜியார் பழக்கதோஷத்தில் தன் சப்பாத்தைக் கீழேயே கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஜோடியாகத் தாண்டி ஏறி வந்தார். பின்னால் மாஸ்டர். உச்சிப்படிக்கு வந்ததும் ஹாஜியார் நின்றுவிட்டார். அங்கே அரக்கு நிறத்தில் ஒரு தோல் செருப்பு. ஒன்றில் வெள்ளிக் கொளுக்கி. மற்றதில் கொளுக்கி விழுந்துபோய், அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டன்.

"இது… ஏன்ட வீட்டாட செருப்பு" என்றார் மெதுவாக.

"வடிவாப் பாருங்கோ, ஒரே மாதிரிச் செருப்பு எத்தினையோ இருக்கும்" என்றார் மாஸ்டர்.

"மக்காவுக்கு, உம்றாக்குப் போய் நான் வாங்கி வந்தது, மாஸ்டர். பட்டனும் நான் தச்சது."

அவருடைய மனைவி வியாழக்கிழமைகளில் கட்டுகஸ்தோட்டையில் தங்கை வீட்டுக்குப் போவதாகத்தான் அவருக்குத் தெரியும். அப்போது திரை விலகியது. எண்ணெய்க் கையோடு அக்கா. ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தார், தெரியவில்லை. காலைப் பார்த்தார், சப்பாத்து இல்லை.

"யாருங்க நீங்க? ஆம்பளைங்க மேல வரக்கூடாது."

"நான்தான் தங்கச்சி, ஹாஜியார். இந்த ரூம் ஏன்டது."

"அப்பிடீங்களா? சப்பாத்தோட வந்திருந்தாத் தெரிஞ்சிருக்குமே."

ஹாஜியார் அதைக் கேட்ட மாதிரியே இல்லை. "உள்ளுக்கு ஈக்கிற ஆளுக்கு என்ன வருத்தம்?" என்றார்.

அக்கா மறுப்பாகத் தலையாட்டினார். "ஒருத்தங்க வலிய நான் இன்னொருத்தங்களுக்குச் சொல்றதில்ல. அவங்ககிட்டயே கேளுங்க."

அவர் கேட்கவில்லை. ஆனால் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"முதுகு. எட்டு வருஷமா. சொன்னா நீங்க ஸ்கேன், ஆஸ்பத்திரி எண்டு ஊரக் கூட்டுவீங்க. 'ஏன் குனியக் கஷ்டப்படுற' எண்டு ஒரு நாளாவது கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

ஹாஜியார் அந்தச் செருப்புக்குப் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தார். மாஸ்டருக்குத்தான் நிற்கவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.

"அப்ப அந்த அறை விசயம், ஹாஜியார்…"

"மெதுவாப் பேசுங்க மாஸ்டர். உள்ளுக்கு ஆள் படுத்து ஈக்குது."

அதோடு விசயம் முடிந்தது. மாதம் முடிந்தது, அக்கா போகவில்லை. அடுத்த கிழமை சந்தில் ஒரு புது லைட் எரிந்தது. போர்டில் 'மசாஜ்' அப்படியே இருக்க, அதைவிடப் பெரிய எழுத்தில் 'பெண்களுக்கு மட்டும்' என்று ஹாஜியாரே எழுதவைத்தார். செருப்பு வைக்க அழகான மர அடுக்குத்தட்டு ஒன்றும் செய்து அனுப்பினார். தட்டில் வைத்தால் வரிசை குழம்பும் என்று அக்கா அதில் எண்ணெய்ப் போத்தலை அடுக்கிவிட்டார். மாஸ்டரின் மனைவி இப்போது 'ரெண்டு முழங்கால்' என்ற பெயரில் செவ்வாய்க்கிழமைகளில் வருகிறார்.

போன மாதம் என் மகள் எனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்தாள். நல்ல மெத்தென்ற செருப்பு. அதைப் போட்டுக்கொண்டு படியேறினேன். அக்கா கவிழ்த்துப் பார்த்தார். ஒரு தேய்மானமும் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மொத தடவ வர்றீங்களா? உக்காருங்க. வலிக்கிற எடத்தச் சொல்லாதீங்க, என்ன?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருடப் பழக்கம்! வீட்டுக்குப் போய்க் குப்பையில் கிடந்த பழைய செருப்பைத் தேடி எடுத்தேன். குட்ஷெட் பஸ் நிலையத்தில் செருப்புத் தைப்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இனிச் செருப்பு இல்லம்மா" என்றார். இருந்தாலும் தைத்துத் தந்தார்.

கந்தோருக்கும் கல்யாண வீட்டுக்கும் புதுச் செருப்புத்தான். வியாழக்கிழமை மட்டும், மகளுக்குத் தெரியாமல் பேப்பரில் சுற்றி வைத்திருக்கும் பழையதைப் போட்டுக்கொண்டு போகிறேன். அக்கா திரையை விலக்கி, படியைப் பார்த்து, "வாங்க, இடது தோள்" என்று கூப்பிட வேண்டும். அதற்காகத்தான்.