ஒன்பதாவது ஆளுக்குத் தாம்பூலம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. பிள்ளைகள் ஐந்து. ஐந்தையும் வளர்த்து ஆளாக்கி, ஐந்துக்கும் நானே முன்னால் நின்று சம்பந்தம் பேசி முடித்தேன். படித்தது இரண்டாம் வகுப்பு. ஆனால் நான் தட்டோடு போய் நின்ற எந்த வாசலிலும் 'இல்லை' என்ற சொல்லைக் கேட்டதில்லை. இந்தப் பெருமைதான் என்னைத் தேவதானம் என்ற ஊரில் குப்புறத் தள்ளியது.

என் மகள் வயிற்றுப் பேத்தி கோமதி, ராஜபாளையத்தில் விளையாட்டு டீச்சர். பள்ளி விட்ட பிறகு வயதுப் பெண்களைச் சேர்த்து பேஸ்பால் அணி ஒன்று நடத்துகிறாள். பேஸ்பால் என்றால், கட்டையால் பந்தை அடித்துவிட்டு நான்கு மூலைகளையும் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே ஓடி வரவேண்டும். (புறப்பட்ட இடத்துக்கே வருவதற்கு எதற்கு ஓடணும் என்று கேட்டேன். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.)

போன வருடம் ஆட்டங்கள் முடிந்ததும் அணி கலைந்து போயிற்று. ஒருத்திக்குக் கல்யாணம், ஒருத்தி நர்சிங் படிக்க மதுரைக்கு, இரண்டு பேருக்குத் திருப்பூரில் வேலை. மிச்சம் எட்டுப் பேர். ஒன்பது இல்லாமல் ஆட முடியாதாம். திங்கட்கிழமைக்குள் இந்த வருட ஆட்டங்களுக்குப் பேர் கொடுக்காவிட்டால் மூன்று வருடமாக அவள் கட்டிய அணி அதோடு சரி.

"அமெரிக்காவுல இந்தச் சமயத்துலதான் ஆள் எடுப்பாவ அம்மாச்சி. கையெழுத்து வாங்கி, புதுச்சட்டையைக் கையில குடுத்து போட்டோ எடுப்பாவ," என்றாள் சோற்றைப் பிசைந்தபடி. தின்னவில்லை.

"நம்ம பக்கம் ஆளே இல்லியா?"

"தேவதானத்துல பேச்சின்னு ஒருத்தி இருக்கா. ஒரே கல்லுல மாங்காயைக் காம்போட இறக்குதா. அவ வந்தா நமக்குப் பந்து எறிய ஆள் கெடச்சிரும். அவ அப்பாதான், பொம்பளப்பிள்ளையைப் பந்து விளையாட அனுப்ப மாட்டேன்னு வாசல்லயே நிப்பாட்டிட்டாரு."

"நீ என்ன கொண்டு போன?"

"ஃபாரம்."

"வெறுங்கையோடயா ஏட்டி போன? ஒரு வீட்டுப் பிள்ளையைக் கேக்கப் போறவ காயிதத்தையா நீட்டுவா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டுச்சேலை கட்டினேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், நாலு முழம் மல்லிகை, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய ஒரு கிலோ பால்கோவா. கோமதியைக் கண்டால் அந்த மனுசன் கதவைச் சாத்துவார் என்று அவளைத் தேவதானம் பஸ் நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டேன். தட்டு தூக்க ஆள் வேண்டுமே. "ஏலே சுடலை, நீ தூக்கிட்டு வா," என்று எங்களைக் கொண்டுவந்த ஆட்டோக்காரனையே கூட்டிக்கொண்டேன். அவனும் அன்றைக்கென்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

சம்பந்தம் பேசுவதில் என் முறை ஒன்று உண்டு. முதலில் வாக்கை வாங்கு, பொறவு விவரத்தைச் சொல்லு. பந்து என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று முடிவு கட்டியிருந்தேன். பிள்ளையின் பெயரையும் சொல்லவில்லை. (எடுத்த எடுப்பில் பெயர் சொல்லிக் கேட்பது மரியாதை இல்லை.)

"உங்க பிள்ளையைக் கேட்டு வந்திருக்கேன்," என்றேன்.

பேச்சியின் அப்பா அய்யனார் தட்டைப் பார்த்தார். சுடலையின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். உள்ளே ஓடித் தானும் ஒரு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு நாற்காலிகள் வந்தன. ஃபேன் எங்கள் பக்கம் திரும்பியது. 'பாத்தியா ஏட்டி கோமதி' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

"உங்க பக்கம் எத்தனை பேரு ஆச்சி?"

"இப்ப எட்டுப் பேரு. உங்க பிள்ளை வந்தா ஒம்பது."

"கூட்டாத்தான் இருக்கீகளா?"

"கூட்டா இல்லாட்டி எப்படி? ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுக்க மாட்டாவ."

அவர் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அய்யனார் சுடலை பக்கம் திரும்பினார். "தம்பிக்கு வண்டி சொந்தமா?"

"சொந்தந்தான் அண்ணாச்சி. நானே கழுவுவேன், நானே ஓட்டுவேன்," என்றான் சுடலை, நெஞ்சை நிமிர்த்தி.

பெண் வந்தாள். பச்சைப் பட்டு, தலைநிறையப் பூ, கையில் காப்பித் தட்டு. கையைப் பார்த்தேன். முருங்கைக்காய் தேவலை. இந்தக் கையா மாங்காயை இறக்குகிறது?

"வலது கையைக் காட்டு தாயி," என்று தோளிலிருந்து மணிக்கட்டு வரை பிடித்துப் பார்த்தேன். "நல்லா எறிவியா?"

"அய்யய்யோ, எங்க பிள்ளை கோவத்துல ஒரு கரண்டியைக்கூட எறிஞ்சதில்ல," என்று அம்மாக்காரி பதறினாள்.

"வெயில்ல ஓடுவியா?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அய்யனார் தொண்டையைக் கனைத்தார். கிராக்கி பண்ணுகிறார்கள் என்று நினைத்தேன். எத்தனை சம்பந்திகளைப் பார்த்தவள் நான்! "எல்லாம் நாங்க பழக்கிக்கிடுதோம்," என்று எழுந்து தட்டை நீட்டினேன். அவர்கள் ஒரு தட்டை நீட்டினார்கள். வெற்றிலை கைமாறியது. உடனே கோமதிக்குப் போன் போட்டு, "முடிஞ்சது, ஃபாரத்தைக் கொண்டா," என்றேன்.

அம்மாக்காரி சுடலைக்குப் பால்கோவாவை நீட்டி, "தம்பிக்குப் பிள்ளையைப் பிடிச்சிருக்கில்ல?" என்றாள்.

"எனக்கு எதுக்குக்கா பிடிக்கணும்? எனக்குத்தான் கல்யாணமாகி ரெண்டு பிள்ளை இருக்கே," என்றான் சுடலை, வாயில் பால்கோவாவோடு.

அய்யனார் எழுந்து ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்தச் சமயம் பார்த்துக் கோமதி ஃபாரத்தோடு உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னாலேயே மடியில் மாங்காயோடு ஒரு குட்டிப் பெண் வந்தாள். கோமதி பச்சைப் பட்டைப் பார்த்து, "அம்மாச்சி, இது யாரு?" என்றாள். "பேச்சி இந்தா நிக்கா!"

மூத்தவள் இருக்கும் வீட்டுக்குத் தட்டு வந்தால் அது மூத்தவளுக்குத்தான். ஐந்து கல்யாணம் முடித்த எனக்கு இது தெரியாதா? தெரியும். பேச்சிக்கு மாரீஸ்வரி என்று ஓர் அக்கா இருப்பதுதான் தெரியாது.

அய்யனார் ஆடித் தீர்த்துவிட்டார். "பந்து விளையாடவா பட்டுச்சேலையில வந்திய? எடுங்க உங்க தட்டை!"

அம்மாக்காரி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "கைமாறுன தாம்பூலத்தைத் திருப்பினா பிள்ளைக்கு நல்லகாரியம் தள்ளிப் போவும். குடுக்க மாட்டேன்."

திருப்பவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. என் எழுபத்து மூன்று வருடப் பெருமை முற்றத்தில் கிடந்து உருண்டது.

அப்போதுதான் மாரீஸ்வரி வாயைத் திறந்தாள். "தாம்பூலம் என் பேருக்குத்தான மாத்துனீக? அப்ப நானே விளையாடப் போறேன்."

"அது எனக்கு வந்ததுடீ!" என்று பேச்சி கத்தினாள். மடியிலிருந்த மாங்காய் ஒன்று அம்பு மாதிரி பறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. திறந்து பார்த்தால், மாரீஸ்வரி முகத்துக்கு நேரே, ஒற்றைக் கையில் மாங்காய். வளையல்கூட உடையவில்லை.

"எப்படிம்மா பிடிச்ச?" என்றாள் கோமதி.

"சின்னதுல இருந்து இவ எறியுறதை நாந்தான பிடிக்கேன். செருப்பு, சொம்பு, ஒருநாள் கோழி."

எறிகிறவளுக்கு எதிரே குந்தியிருந்து பிடிக்க ஓர் ஆள் வேண்டுமாம். அப்படி ஒருத்தியை எங்கே தேடுவது என்றுதான் கோமதி ராத்தூக்கம் இல்லாமல் கிடந்திருக்கிறாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை தெரியாது.

அய்யனார் அந்த மாங்காயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒத்தையா அனுப்ப மாட்டேன். அக்காளும் தங்கச்சியுமா போனாச் சரி," என்றார். மீதிப் பால்கோவாவை அவர்தான் முடித்தார்.

ஒன்பதுக்குப் போய்ப் பத்தோடு வந்தேன். இப்போது எங்கள் அணியில் யாரைச் சேர்த்தாலும் தாம்பூலத் தட்டோடு நிற்கவைத்துத்தான் போட்டோ. சட்டையெல்லாம் அமெரிக்காக்காரன் பிடிக்கட்டும். அய்யனார் ஓர் ஆட்டம்கூட விடாமல் வந்து முன்வரிசையில் கத்துகிறார். சுடலையின் பொண்டாட்டி மட்டும் எனக்கு இன்னும் முகம் கொடுப்பதில்லை. அவன் ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வந்தாலே, "தேவதானத்து மாப்பிள்ளை வாராவ, ஃபேனைத் திருப்புங்க" என்று என் பேரப்பிள்ளைகள் எல்லாம் கத்துகின்றன.

ஏட்டி கோமதி, எழுதி முடிச்சிட்டேன். இங்க வா, இதைச் சத்தமா வாசிச்சுக் காட்டு. முருங்கைக்காய்னு எழுதின இடம் வந்தா மட்டும் மெதுவா வாசி. மாரீஸ்வரி அடுப்படியிலதான் இருக்கா, பேச்சி வேற மாங்காயோட நிக்கா.