கண்ணாடி போட்ட டிகிரி

ரயில் கிளம்ப இன்னும் இருபத்தேழு மணி நேரம் இருந்தது. சங்கமித்ரா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சுவரில் அவளுடைய பட்டச் சான்றிதழ் தொங்கியது. தங்க நிற ஃப்ரேம், கண்ணாடி, சுற்றிலும் சீரியல் பல்பு. ஒரு பக்கம் அம்பேத்கர் படம், மறுபக்கம் புத்தர் படம். நடுவில் அவள், வேதியியலில் முதல் வகுப்பு.

அவளுக்கு வேலை கொடுத்த குஜராத் கம்பெனியின் மெயில் தெளிவாக இருந்தது. சேரும் நாளில் பட்டச் சான்றிதழின் ஒரிஜினலைக் காட்ட வேண்டும். நகல் செல்லாது. ஒரிஜினல் இல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

மெயில் வந்து ஒன்பது நாள் ஆகிறது. ஒன்பது நாளும் அப்பாவிடம் சொல்ல வாயெடுத்தாள். குரல் வரவில்லை.

அப்பா பீம்ராவுக்குத் துறைமுகத்துக் கன்டெய்னர் யார்டில் வேலை. ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது சீரியல் பல்பைப் போட்டு, அரை நிமிஷம் பார்த்துவிட்டு, அணைத்துவிட்டுப் போவார். வீட்டுக்கு யார் வந்தாலும், "செருப்ப வெளில வுடு, உள்ள டிகிரி கீது" என்பார். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர்கூட அதைப் பார்க்காமல் திரும்ப முடியவில்லை. அவரிடம் போய், அதைக் கழற்றித் தாருங்கள் என்று எப்படிச் சொல்வது?

"இன்னாடி, செவுத்தையே பாத்துகினு நிக்கிற?"

பின்னால் அம்மா கெங்கம்மா, கையில் டீ. மணலியில் பிஸ்கட் கம்பெனியில் அவளுக்குப் பேக்கிங் வேலை. பதினோரு வருஷத்தில் காய்ச்சல் இல்லாமல் அவள் லீவு போட்டது இதுதான் முதல் முறை.

சங்கமித்ரா மெதுவாகச் சொன்னாள். மெயில், ஒரிஜினல், ஒன்பது நாள்.

அம்மா ஃப்ரேமைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். டீயை ஒரு வாய் குடித்தாள்.

"இத்த மனசுல வெச்சிகினா ஒம்போது நாளா சோறு எறங்காம இருந்த?"

"அப்பா வருத்தப்படுவாரும்மா."

"உங்கப்பா மூணு மணிக்குத்தான் வரும். அதுக்குள்ள எடுத்துடலாம்."

"மஜீது பாய் கடைக்குக் கொண்டு போகலாமா? அவர்தானே ஃப்ரேம் போட்டார்?"

"பாய் இன்னிக்கு கடை லீவு," என்றாள் அம்மா. "நாமளே பாத்துக்கலாம். அந்த ஸ்டூல இப்டி தள்ளு."

நாமளே. இருவரும் சேர்ந்து கடைசியாக ஒரு வேலை செய்தது எப்போது என்று சங்கமித்ரா யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை. அவள் எழும்போது அம்மா கம்பெனி வேனில் ஏறியிருப்பாள். அம்மா வரும்போது அவள் புத்தகத்தில் இருப்பாள்.

பின்பக்கத்து ஆணிகளைக் காய் வெட்டும் கத்தியால் நிமிர்த்தினார்கள். கண்ணாடி சுலபமாக வந்தது. சான்றிதழ் வரவில்லை. அட்டையோடு அட்டையாக, முழுக்கப் பசை தடவி ஒட்டியிருந்தது.

சங்கமித்ரா கத்தியைக் கீழே வைத்தாள்.

"நீதான கெமிஸ்ட்ரி. சொல்லு, இன்னா பண்லாம்?" என்றாள் அம்மா.

"மாவுப் பசையா இருந்தா ஈரத்துல இளகும். ஆனா தண்ணி ஊத்தினா பேப்பர் கிழிஞ்சிடும்."

"இட்லி குண்டான் வெக்கட்டா? ஆவி காட்டலாம்."

அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. குண்டான் கொதித்தது. ஆளுக்கு இரண்டு மூலை பிடித்துச் சான்றிதழை ஆவியில் காட்டினார்கள். அந்த ஒற்றை அறை மேகத்துக்குள் போனது. சங்கமித்ராவுக்கு அம்மாவின் முகம் மட்டும் வெள்ளைக்கு நடுவே மிதப்பதுபோல இருந்தது.

"ஏன் மித்ரா, கொதிக்கிற தண்ணி பட்டாகூட தாங்குது. ஆவி பட்டா தோலே வந்துடுது. ஏன்?"

"ஆவியில ஒளிஞ்சிருக்கிற சூடு அதிகம்மா. திரும்பத் தண்ணியா மாறும்போது அதை நம்ம கையில விட்டுட்டுப் போயிடும்."

"வுட்டுட்டுப் போறப்பதான் சுடுதா?"

"ஆமா."

அம்மா தலையாட்டினாள். "இத்தினி வருசமா சுட்டுகினு கீறேன். இன்னிக்குத்தான் ஏன்னு தெர்து."

அரை மணி நேரத்தில் ஒரு மூலை எழுந்தது. பிறகு முழுத்தாளும் கழன்றது. ஆனால் நடுப்பகுதி பூரி மாதிரி உப்பிக்கொண்டது. ஒன்று மட்டும் ஆறுதல். ஒரு எழுத்துகூடக் கரையவில்லை. துணைவேந்தர் பேனாவில் போட்ட கையெழுத்துகூட அப்படியே இருந்தது. பல்கலைக்கழகத்தில் நல்ல மை பயன்படுத்துகிறார்கள் என்று சங்கமித்ரா நினைத்துக்கொண்டாள்.

"இஸ்திரி போட்டா பூரி அடங்கிடும்," என்றாள் அம்மா.

"சூடு அதிகமானா..."

"மேல பேப்பர் போட்டுக்கலாம்."

மேலே பழைய செய்தித்தாளை விரித்து அம்மா தேய்த்தாள். சங்கமித்ரா ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குஜராத்தைப் பற்றி யோசித்தாள். அங்கே கடலோரம் முழுக்க உப்பளம் என்று படித்திருந்தாள். வெள்ளையாக, முடிவே இல்லாமல். ஹாஸ்டல் அறையில் தனக்கென்று ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் வெள்ளை. அதன் நடுவே தன் பெயர் எழுதிய கோட்டு மாட்டிக்கொண்டு...

"போதும், எடு," என்றாள் அம்மா.

செய்தித்தாள் வரவில்லை. இழுத்தபோது பாதி வந்தது. மீதி, ஒரு ஜவுளிக்கடை விளம்பரம், சான்றிதழில் தங்கிவிட்டது. இப்போது அதில், சங்கமித்ரா என்பவர் வேதியியலில் முதல் வகுப்பில் தேறியிருக்கிறார் என்பதற்குக் கீழே கொட்டை எழுத்தில், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று இருந்தது.

சங்கமித்ரா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழுவாத. ரோஸ்மேரிய கூப்டறேன்," என்று அம்மா கீழே போனாள்.

ரோஸ்மேரி கீழ்த்தளத்தில் தன் வீட்டிலேயே பியூட்டி பார்லர் நடத்துகிறாள். அரை ஃபேஷியலில் ஒரு பெண்ணை விட்டுவிட்டு, நெயில் பாலிஷ் அழிக்கும் பாட்டிலோடு மூச்சுவாங்க நாலு மாடி ஏறி வந்தாள்.

"ஏன் மித்ரா, எர்ணாவூர சுத்தி எத்தினி கம்பெனி கீது? கண்ண மூடிகினு கல்லு வுட்டா ஒரு கம்பெனி மேல வுழும். அத்தையெல்லாம் தாண்டி குஜராத்துல போயி ஒரு கம்பெனிய புட்சிகீற பாரு."

"இங்க பத்தொம்பது இடத்துக்கு அனுப்பினேன்க்கா. பதில் போட்டது அவங்கதான்."

"சர்தான். லேபுல இன்னா வேல?"

"தண்ணி டெஸ்ட் பண்றது."

"அந்தத் தண்ணி இங்க இல்லியா?" என்றபடி ரோஸ்மேரி பஞ்சை நனைத்தாள். அதில் அசிட்டோன் இருக்கும் என்று சங்கமித்ராவுக்குத் தெரியும். எதை எதைக் கரைக்கும் என்றும் தெரியும். குறுக்கே பேசக் கூச்சப்பட்டு, ஒரு நொடி தயங்கினாள். அந்த நொடியில் பஞ்சு ஓடிவிட்டது.

ஜவுளிக்கடை போனது. கூடவே துணைவேந்தரும் போய்விட்டார்.

"இங்க யாரோ கையெழுத்து போட்டிருந்தாங்களே, முக்கியமானவரா?" என்று கேட்டாள் ரோஸ்மேரி.

ரோஸ்மேரி பாட்டிலை மூடினாள். "ஃபேஷியல் காஞ்சிருக்கும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மூன்று மணிக்கு அப்பா வந்தார். செருப்பை வெளியே விட்டார். சீரியல் பல்பைப் போட்டார். பல்பு சதுரமாக மினுக்கியது. நடுவில் சுண்ணாம்புச் சுவர்.

"டிகிரி எங்க?"

சங்கமித்ரா அம்மாவைப் பார்த்தாள். அம்மா காய் நறுக்கிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்: "ஃப்ரேம்ல தூசி ஏறிகினு இருந்துச்சு. பாலிஷ் போட பாய் கடையில குட்துட்டு வந்தோம்."

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "அட, நல்ல வேல பண்ண! காலைல சென்ட்ரல் போற வழிதான யானைக்கவுனி? வாங்கிகினு அப்டியே பாப்பா கையில குட்துடலாம். டிகிரி இவகூடத்தான் இருக்கணும். அங்கியும் நாலு பேரு பாக்கட்டும்."

முன்பு சான்றிதழ் மட்டும்தான் இல்லை. இப்போது பாலிஷும் இல்லை.

அப்பா தூங்கப் போனதும் அம்மா ஈரத் தாளை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குக் கூப்பிட்டாள். "கடக்காத்துல காயட்டும். காஞ்சா பாக்க கொஞ்சம் நல்லா இருக்கும்."

கொடியில் இரண்டு கிளிப் போட்டுச் சான்றிதழைத் தொங்கவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தார்கள். தூரத்தில் எண்ணூர்ப் பக்கம் நாலு கப்பல்கள் நகராமல் நின்றன. கடலும் வானமும் ஒரே சாம்பல். கப்பல்கள் எதில் நிற்கின்றன என்று சொல்ல முடியவில்லை. சான்றிதழ் காற்றில் மெல்ல உயர்ந்து, தாழ்ந்து, மூச்சு விட்டது.

"அம்மா, நான் போக முடியாதுன்னு நினைக்கிறேன்."

"பாய் ஏதாச்சும் பண்ணுவாரு. நீ சொல்லு, தண்ணிய எப்டி டெஸ்ட் பண்ணுவ?"

சங்கமித்ரா சொன்னாள். சொட்டுச் சொட்டாக விடுவதை, எந்தச் சொட்டில் நிறம் மாறும் என்று மூச்சை அடக்கிக் காத்திருப்பதை. ஒரு சொட்டுக்கு முன்னால்வரை ஒன்றுமே இருக்காது, அடுத்த சொட்டில் முழுக் குடுவையும் இளஞ்சிவப்பாகிவிடும் என்றபோது அம்மா, "ஐயே, நெசமாவா?" என்றாள். பிறகு பிஸ்கட் கம்பெனியைப் பற்றி அம்மா சொன்னாள். உடைந்த பிஸ்கட்டைச் சத்தத்தில் கண்டுபிடிப்பது, சூப்பர்வைசர் நடந்து வருவது. அதை எழுந்து நடந்தே காட்டினாள். சங்கமித்ராவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அம்மாவுக்கு இப்படியெல்லாம் நடக்கத் தெரியும் என்பதே அவளுக்குப் புதிது.

வேலையே போகப்போகிற நேரத்தில் ஏன் இவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. கப்பல்களில் விளக்கு எரியும்வரை இருவரும் இறங்கவில்லை.

மறுநாள் காலை, ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கையில், ஆட்டோ யானைக்கவுனியில் மஜீது பாயின் ஃப்ரேம் கடை முன்னால் நின்றது. அப்பா பெட்டிகளோடு ஆட்டோவில் இருந்தார். அம்மாவும் மகளும் உள்ளே போனார்கள், அம்மாவின் தோளில் அவளுடைய கம்பெனிப் பை. மஜீது பாய் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். சங்கமித்ரா துப்பட்டாவுக்குள்ளிருந்து தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"பாய், இதை ஏதாவது பண்ண முடியுமா?"

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றுவதற்குள் வாசலில் அப்பாவின் குரல் கேட்டது.

"இன்னா பாய், பாலிஷ் ஆச்சா? எங்க நம்ம டிகிரி?"

மேஜையைப் பார்த்தார். நடுவில் சுருக்கம், ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு, கீழே அழிந்த கறை.

"இது இன்னாது?"

ஒன்பது நாளாக வராத குரல் அப்போது வந்தது. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்தது.

"ஒரிஜினல்ப்பா! ஒரிஜினல் இல்லாம வேலையில சேத்துக்க மாட்டாங்க. உங்ககிட்ட கேக்கப் பயந்துகிட்டு நானே கழட்டி, நானே கெடுத்துட்டேன். என்னால போக முடியாது. எனக்குப் போகணும்ப்பா!"

அப்பா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். தாளை எடுத்தார். விரலால் அவள் பெயரைத் தடவினார்.

"கேட்டிருந்தா குட்த்திருப்பேனே கண்ணு. செவுரு போனா போவுது," என்றார். பிறகு எழுந்தார். "ரயிலு ஏறு நீ. நானும் வரேன். அந்த மேனேஜரான்ட நான் பேசிக்கிறேன்."

"இந்தியில பேசணும்ப்பா."

"ஏன், யார்டுல லாரிக்காரங்ககிட்ட நான் பேசல? ஆவோ, ஜாவோ, பீச்சே, பஸ். இதுக்கு மேல இன்னா வேணும்?"

சங்கமித்ரா அழுதுகொண்டே சிரித்தாள். அம்மா மட்டும் தெருவில் போகும் மீன்பாடி வண்டியை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மஜீது பாய் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். அம்மாவைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி அம்மாவைப் பார்த்தார்.

"கெங்கம்மா, நேத்து போன் போட்டு, 'நாளைக்கு காலைல வரைக்கும் யார் கேட்டாலும் சொல்லாத பாய், பொண்ணு ஒரு நாளு என்கூட இருக்கட்டும்'னு சொன்ன, நானும் சொல்லல," என்றார். "இப்ப ரயிலுக்கு நேரமாச்சு, நீயே எடுத்துக் குட்துடும்மா. இது கலர் ஜெராக்ஸு. ஒரிஜினலு ஃப்ரேம் போட்ட அன்னிலேர்ந்து உன் பையிலதான் கீது."