உன் ஜீப்பின் பின்கதவும் என் மகளின் கல்யாணமும்

786

கம்பம்
16-10-1979

அன்பு மச்சினன் அபுபக்கருக்கு, உன் மச்சான் நூர் முகம்மது அஸ்ஸலாமு அலைக்கும் சொல்லி எழுதிக்கொள்வது. வல்ல அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அக்கா ஜெய்த்தூன் பீவியும் மகள் ரம்லத்தும் சுகம். துபாயில் நீயும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். அங்கே வெயில் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். மோர் கிடைத்தால் வாங்கிக் குடி, வெறும் டீயாகக் குடிக்காதே. இங்கே நல்ல மழை, வாய்க்காலெல்லாம் நிறைந்து ஓடுகிறது. உன் ஜீப் நன்றாக இருக்கிறது.

ஜீப் நன்றாக இருக்கிறது என்பதை முதலில் எழுதிவிட்டு மற்றதைப் பிறகு எழுதுங்கள், பிள்ளை பயந்துவிடுவான் என்று உன் அக்கா சொன்னதால் அப்படி எழுதியிருக்கிறேன். இனி மற்றது.

உனக்கு இதுவரை நாங்கள் தெரிவிக்காத ஒரு சங்கதி உண்டு. ரம்லத்தை உத்தமபாளையம் அரிசி மில் காசிம் ராவுத்தர் மகன் ஜமாலுக்கு நிச்சயம் செய்ததும், ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து நிக்காஹ் என்று பேசியதும் உனக்கு எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு, மூன்று வாரத்துக்கு முன்னால், அவர்கள் வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்திருந்தபோது காசிம் ராவுத்தர் இலையைப் பார்த்துக்கொண்டே, “நிக்காஹ் முடிஞ்சதும் பொண்ணு வீட்டோட இருக்கட்டும். டீச்சர் பயிற்சியெல்லாம் இம்புட்டோட போதும்” என்றார். ரம்லத்துக்குப் பயிற்சி முடிய இன்னும் ஆறே மாதம். அவள் வகுப்பில் முதல் மாணவி.  “ஒங்க மில்லுல தவிடு பொடைக்கவா எம் மகளப் படிக்க வச்சேன்?” என்று கேட்டுவிட்டேன். அவர் கை கழுவ எழுந்தார். நானும் எழுந்தேன். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. கல்யாணப் பத்திரிகை அச்சாபீசில் பாதி கோர்த்தபடி நிற்கிறது.  ரம்லத் அந்த மூன்று வாரமும் என்னோடு சேர்ந்து சாப்பிட உட்காரவில்லை. படிப்புக்காக நான் சண்டை போட்டதில் அவளுக்குச் சந்தோஷமா, ஜமாலை இழக்கிறோமே என்ற வருத்தமா என்று தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

இந்த நிலைமையில்தான் போன சனிக்கிழமை காலை தூறல் போட்டது. என் குடை முந்தின நாள் ஜும்மாவுக்குப் போய் வந்தபோது உன் ஜீப்பின் பின்பக்கம் தங்கிவிட்டது. எடுக்கலாம் என்று பின்கதவின் கைப்பிடியைத் திருகினேன். அசையவில்லை. டிரைவர் தவசி சாப்பிடப் போயிருந்தார். ‘தவசியைத் தவிர யாரும் வண்டியில் கை வைக்க வேண்டாம் மச்சான்’ என்று வண்டியை எங்கள் வாசலில் விட்டுவிட்டு நீ துபாய் போகும்போது சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அது வண்டி ஓட்டுவதைப் பற்றி நீ சொன்னது என்று எடுத்துக்கொண்டேன். மேலும், முப்பத்து நான்கு வருடம் தபால் இலாகாவில் இருந்தவன் நான். சாவி உடைந்த தபால் பெட்டி, துருப்பிடித்த தபால் பெட்டி, எவனோ கருப்பட்டிப் பாகு ஊற்றி வைத்த தபால் பெட்டி, எல்லாவற்றையும் என் கையால் திறந்திருக்கிறேன். ஒரு ஜீப் கதவு எனக்கு எம்மாத்திரம்? உன் அக்காவின் தோசைக்கரண்டியைக் கதவிடுக்கில் விட்டு நெம்பினேன். கரண்டி வளைந்தது. பெரிய ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். கொஞ்சம் பெயிண்ட் வந்தது. மூன்றாம் தடவை கதவு படாரென்று திறந்து என் நெற்றியில் இடித்தது. குடையை எடுத்துக்கொண்டேன். அதோடு விட்டிருக்கலாம் என்று உன் அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். ஆனால் கோளாறு என்று ஒன்றைக் கண்ட பிறகு அதை அப்படியே விட்டுப் போவது என் சுபாவம் இல்லை. வாசலில் பாயை விரித்துப் போட்டு, கதவின் உள்பக்கக் கைப்பிடியைக் கழற்றி, தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த சுருள் ஸ்பிரிங்கை வெளியே எடுத்துத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டேன்.

அந்த நேரத்தில்தான் காசிம் ராவுத்தர் தெருமுனையில் பஸ் இறங்கி வந்தார். வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை, முகம் மட்டும் கருத்துப் போயிருந்தது. நான் ஸலாம் சொன்னேன். அவர் பதில் ஸலாம் சொன்னார்.  உன் அக்கா இரண்டு டம்ளர் டீயை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். என்ன பேசுவது என்று தெரியாமல் நான் ஜீப்புக்குள் ஏறி ஸ்பிரிங்கை மாட்ட ஆரம்பித்தேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அரிசி மில் வைத்திருக்கிற மனிதர் அல்லவா, பொறுக்க முடியவில்லை.

“அந்தச் சுருள அப்படித் திருகாதீக. ஒடிஞ்சு போகும்.”

“தபால் ஆபீசுல இதவிடப் பெரிய சுருளெல்லாம் பாத்தாச்சு.”

“தபால் ஆபீசுல என்ன, நெல்லா அரைச்சீக? தள்ளுங்க.”

செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏறி வந்து என் பக்கத்தில் குந்திக்கொண்டார். மூன்று வாரத்தில் இரண்டு குடும்பத்துக்கும் நடந்த முதல் பேச்சு அதுதான். அவர் ஸ்பிரிங்கைப் பிடிக்க, நான் தகட்டை அழுத்த, அரை மணியில் வேலை முடிந்தது. “சாத்திப் பாத்தாத்தான் தெரியும்” என்றார். நான் கதவை உள்ளே இழுத்தேன். டக்கென்று விழுந்தது பார், எவ்வளவு சுத்தமான சத்தம்! நானும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். பிறகு திறப்பதற்குக் கைப்பிடியைத் தேடினோம். கைப்பிடி வெளியே பாயில் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரும் அங்கேதான் இருந்தது.

கூப்பிட்டிருந்தால் உன் அக்கா வந்து திறந்திருப்பாள். ஆனால் நினைத்துப் பார். சம்பந்தியும் நானும் கோழிக்கூண்டில் கிடப்பதுபோல் பெண்பிள்ளைகள் முன்னால் எப்படி நிற்பது? “சத்தம் போடாதீக, நானே தொறக்கேன்” என்று அவர் தன் வீட்டுச் சாவியை எடுத்து ஓட்டையில் விட்டுத் துழாவினார். அவர் துழாவிக்கொண்டிருக்கும்போதே வண்டி உறுமியது. சனிக்கிழமைதோறும் தவசி மலைமேல் உன் ஏலத் தோட்டத்துக்குப் போய் வேலை முடிந்த ஆட்களைக் கீழே கூட்டிக்கொண்டு வருவார் என்பதை நான் மறந்தே போனேன்.

முன் சீட்டுக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே, ஏலக்காய் மூட்டை சரியக் கூடாது என்று நீ தகரம் அடிக்கச் சொன்னாயே, அதை நாங்கள் நான்கு கையாலும் அடித்தோம். தவசி நிறுத்தவில்லை. பின்கதவில் முகம் மட்டும் தெரிகிற அளவுக்கு ஒரு கம்பி ஜன்னல் இருக்கிறது அல்லவா, அதன் வழியாகக் கத்தினேன். என்னிடம் தபால்காரராக இருந்த ராக்கையா சைக்கிளில் எதிரே வந்தார். நான் வாயைத் திறந்து கையை ஆட்டியதைப் பார்த்து, “தோட்டத்துக்காய்யா? நல்லபடியாப் போய்ட்டு வாங்க!” என்று பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனார். கூடலூர் தாண்டியதும் எங்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. எதிரெதிரே உட்கார்ந்தோம். காசிம் ராவுத்தரின் வெள்ளைச் சட்டை முழுக்கத் தேங்காய் எண்ணெய்.

அப்போதுதான் அவர் சொன்னார். “இன்னைக்கு நான் வந்ததே இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு சொல்லிட்டுப் போகத்தான்.”

 அபுபக்கரு, எனக்கு அந்த நிமிஷம் ரம்லத்தின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. கோபப்படக்கூடத் தோன்றவில்லை. “எம் பொண்ணு என்ன குத்தம் செஞ்சா?” என்று கேட்டேன்.

“அது என்ன செய்யும் பாவம். குத்தம் ஏங்கிட்டதான்.” சட்டையில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அதுவும் ஜமாலு சொல்லிக் குடுத்தது. நாளைக்கு ஒங்க மக டீச்சரா வந்து, வீட்ல பேப்பரு படிக்கும், பையனோட இங்கிலீசுல பேசும். நான் எங்கன போய் உக்கார?”

ஊருக்கே முதலாளி, அவர் குரல் கேட்டால் மில்லில் பெல்ட்டே நின்றுவிடும் என்பார்கள். அந்த மனிதர் சாக்குத் தூசியில் வெறுங்காலோடு உட்கார்ந்து இதைச் சொன்னார். தபால் ஜன்னலுக்கு வெளியே நின்று, கூச்சத்தோடு கடிதத்தை நீட்டியவர்கள் எத்தனை பேரை நான் பார்த்திருக்கிறேன்! தவிடு புடைப்பதைப் பற்றி நான் கேட்ட கேள்வி எங்கே போய்த் தைத்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“பக்கத்துலேயே உக்காருங்க. படிச்சுச் சொல்லும். எனக்கு ராத்திரி கண்ணு தெரியாதுன்னு தெனமும் அதுதான் பேப்பரு படிச்சுச் சொல்லுது” என்றேன். “அன்னைக்கு நான் பேசினது தப்பு. மனசுல வச்சுக்கிறாதீக.”

அவர் பதில் சொல்வதற்குள் வண்டி நின்றது. மலை ஏறும் முன்னால் இருக்கிற செக்போஸ்ட். “உள்ள என்ன?” என்று ஒரு குரல். “காலி வண்டி சார்” என்றார் தவசி. அந்த நேரம் பார்த்து ஏலக்காய்த் தூசி ஏறி, காசிம் ராவுத்தர் ஒரு தும்மல் போட்டார்.

“காலி வண்டி தும்முதா?” என்று கேட்டுக்கொண்டே காவலர் பின்பக்கம் வந்து கைப்பிடியை மேலே தூக்கினார். கதவு பூப்போலத் திறந்தது. செருப்பில்லாமல், எண்ணெய் வழிய, இரண்டு பெரிய மனுஷர்கள். என்ன தொழில் என்று கேட்டார். நான் பென்ஷன்காரன் என்றேன். காசிம் ராவுத்தர் நெஞ்சை நிமிர்த்தி, “உத்தமபாளையத்துல அரிசி மில்லு” என்றார். கேரளாவுக்கு அரிசி கடத்துகிறார்கள் என்று வண்டிக்கு வண்டி சோதனை போடுகிற இடத்தில், பூட்டிய ஜீப்புக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்லக்கூடிய தொழிலா அது? உடனே இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். சாக்கை உதறிப் பார்த்தார்கள். ஒரு ஸ்க்ரூவும் நான்கு ஏலக்காயும் கிடைத்தன.

“சரி, நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் யாரு?”

“சம்பந்தி” என்றோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். எனக்கு முன்னால் அவர் சொன்னாரா, அவருக்கு முன்னால் நான் சொன்னேனா என்று இப்போது வரை எங்களுக்குள் தீரவில்லை.

காவலர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். “சம்பந்திய இப்படியாய்யா கூட்டிட்டுப் போவாக?” என்று தவசியைத் திட்டினார். தவசி அழுதுவிடுவார் போல் ஆகிவிட்டார். “தட்டுற சத்தம் கேட்டுச்சு அய்யா. பின்னால ஆக்சில் ஏதோ பேசுதுன்னுல நெனச்சேன்” என்றார். பின்கதவு கெட்டுப்போனதை நான் சொன்னதும் அவர் இன்னும் குழம்பினார். “கெடலையே அய்யா. கைப்பிடியத் திருகக் கூடாது, மேல தூக்கணும். நாலு வருசமா அப்படித்தான தொறக்கேன்?” என்றார்.

முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து திரும்பி வந்தோம். அன்று உன் தோட்டத்து ஆட்கள் பஸ்ஸில் மலை இறங்க வேண்டியதாகிவிட்டது, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இங்கே வாசலில் உன் அக்கா, பாயில் கிடந்த இரண்டு ஜோடிச் செருப்பையும் ஆறிப்போன இரண்டு டம்ளர் டீயையும் பார்த்துவிட்டு, சம்பந்திகள் சண்டை போட்டுக்கொண்டு வெறுங்காலோடு எங்கேயோ போய்விட்டார்கள் என்று தெரு முழுக்க ஆள் விட்டுத் தேடியிருக்கிறாள். எங்களைக் கண்டதும் என்னைத் திட்டுவதா சம்பந்தியை வரவேற்பதா என்று தெரியாமல், “வாங்கண்ணே” என்று அவரிடமும், “எங்கன போய்த் தொலைஞ்சீக?” என்று என்னிடமும் ஒரே மூச்சில் சொன்னாள்.

காசிம் ராவுத்தர் உட்காரவில்லை. நிலைப்படிக்கு உள்ளே நின்ற ரம்லத்தைப் பார்த்து, “ஏம்மா, படிப்பு முடிய இன்னும் எத்தன மாசம்?” என்றார்.

“ஆறு மாசம் மாமா.”

“நம்ம வீட்லயிருந்து பஸ்ஸு வசதிதான். பரீச்ச எழுதி முடி.” பிறகு கொஞ்சம் தயங்கி, “சாயங்காலம் எனக்குப் பேப்பரு படிச்சுச் சொல்லணும். ஒங்க அத்தா வாக்குக் குடுத்திருக்காக” என்றார்.

ரம்லத் தலையாட்டிவிட்டு உள்ளே ஓடினாள். அன்று மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.  தன் தட்டில் இருந்த மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். எனக்கு அது போதும்.

ஆகவே, அபுபக்கரு, உன் ஜீப்பின் பின்கதவு ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் இல்லை. விளிம்பு லேசாக வளைந்திருக்கிறது. இதற்கு நீ கோபித்துக்கொள்ளக் கூடாது. இனி உன் வண்டியில் ஒரு ஆணியைக்கூடத் தொட மாட்டேன் என்று உன் அக்கா முன்னால் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், அதை நம்பு. நிக்காஹுக்கு நீ அவசியம் வர வேண்டும். மதுரையில் உன்னை அழைத்துக்கொள்ள ஜீப்பைக் கழுவித் துடைத்து அனுப்பிவைக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். உன் அக்கா உன்னைக் கேட்டதாக எழுதச் சொல்கிறாள். ரம்லத் தன் மாமாவுக்கு ஸலாம் சொல்கிறாள். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், பிறத்தியார் கை படாத பொருளையும் கொடுப்பானாக.

இப்படிக்கு
உன் பிரியமுள்ள மச்சான்
நூர் முகம்மது

பின்குறிப்பு: உறைக்குப் பசை தடவும் நேரத்தில் காசிம் சம்பந்தி மில்லிலிருந்து டூல் பெட்டியோடு வந்துவிட்டார். அன்று ஜீப்பில் திரும்பி வரும் வழியெல்லாம் கவனித்தாராம், உன் இஞ்சின் சத்தம் சரியில்லையாம். நான் சத்தியம் செய்திருப்பதை எடுத்துச் சொன்னேன். சத்தியம் செய்யாதவர் அவர் என்பதால் கழற்றுவதை அவர் கழற்றினார், நான் வாங்கி வைக்க மட்டும் செய்தேன். இப்போது இஞ்சின் முழுவதும் பாயில் இருக்கிறது. பாய் போதாமல் பக்கத்து வீட்டிலும் ஒன்று இரவல் வாங்கியிருக்கிறோம். தவசி சொந்த ஊருக்குப் போய்விட்டார், எப்போது வருவார் என்று சொல்லவில்லை. நீ மதுரையிலிருந்து பஸ்ஸிலேயே வந்துவிடு.