ஃபாதரின் தட்டில் இருந்த மீன்

வீட்டில் ஒருவருக்கு வருத்தம் வந்தால், அந்த ஒழுங்கையில் இருக்கும் எல்லோரும் டொக்டர்களாகிவிடுவார்கள். எனக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்று தெரிந்தபோது வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் நடந்ததும் அதுதான். உண்மையான டொக்டர் சொன்னது மிகச் சுருக்கம்.

"நரம்புக்கு மேல இருக்கிற உறை பழுதாகிற வருத்தம். இதுக்கெண்டு தனிப் பத்தியம் இல்லை. மீன், மரக்கறி, பழம் எல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. வெக்கையில நிக்காதேங்கோ."

இவ்வளவு எளிமையான வைத்தியத்தை யார் மதிப்பார்கள்? மேல் வீட்டு அக்கா மீனை நிறுத்தினார். அலுவலகத் தோழி கத்தரிக்காயையும் தக்காளியையும் நிறுத்தினாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு ஆன்ட்டி (பெயர்கூடத் தெரியாது) உப்பை நிறுத்தினார். மிஞ்சியது அவித்த பூசணிக்காயும் வல்லாரைக் கஞ்சியும். நல்ல சாப்பாடு என்றால் இதுதான் என்று நம்பி, ஒரு முனிவரின் கர்வத்தோடு மெலிந்துகொண்டிருந்தேன்.

அந்த நிலையில்தான் கொட்டாஞ்சேனையில் அன்ரனியின் வீட்டுக்கு முதன்முதலாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன். அன்ரனி நான் கட்டிக்கொள்ளவிருந்தவர். அவருக்கு என் வருத்தம் தெரியும். அவருடைய அம்மாவுக்குத் தெரியாது. "முதல்ல அம்மா உம்மைப் பாக்கட்டும், பிறகு ஆறுதலாச் சொல்லுவம்" என்றிருந்தார்.

நல்ல வெயில். பஸ் போகப் போக, ஒவ்வொரு ஒழுங்கையின் முடிவிலும் ஒரு துண்டுக் கடல் தெரிந்து மறைந்தது. காலையில் குடித்த கஞ்சி எப்போதோ கரைந்திருந்தது. கால்கள் என்னுடையவையா, பக்கத்து சீட்காரருடையவையா என்று தெரியவில்லை. ஆனால் பயமாக இருக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் இருந்து பார்ப்பதுபோல, கொழும்பு முழுவதும் மெதுவாக, அழகாக, தூரத்தில் அசைந்துகொண்டிருந்தது.

அன்ரனியின் அம்மா, என் வருங்கால மாமி, வாசலிலேயே கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். மேசையில் மஞ்சள் சோறு, கத்தரிக்காய் மோஜு, பொரித்த பாரை மீன். எனக்குப் பக்கத்தில் மாமியின் அண்ணன். அவர் பாதிரியார், வீட்டிலும் எல்லோருக்கும் ஃபாதர்தான். அவர் செபம் சொல்லி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. மின்விசிறி நின்றது. வெக்கை வந்து என் தலையில் குந்தியது.

"சோறு மட்டும் போதும் மாமி. நான் இப்ப மீன் சாப்பிடுறேல்லை" என்றேன். (சொல்லும்போதே வாயூறியது.)

அப்போதுதான் எல்லாம் இரண்டாகத் தொடங்கின. வெக்கை கூடினால் என் கண்கள் அப்படிச் செய்யும். இரண்டு மாமி. இரண்டு அன்ரனி. சுவரில் இரண்டு மாதா. ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடும் என்பது என் அனுபவம். ஆகவே இடது கண்ணை மூடிக்கொண்டு தலையைத் திருப்பினேன். ஃபாதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திடுக்கிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்தார். நான் மரியாதைக்காகச் சிரித்துவிட்டு, மறுபடியும் அதே கண்ணை மூடினேன். அன்ரனிக்கு இருமல் வந்துவிட்டது.

நான் செய்துகொண்டிருப்பதற்குப் பெயர் கண்ணடிப்பது என்று அப்போதுதான் உறைத்தது. அவசரமாக இரண்டு கண்களையும் அகலத் திறந்தேன். முன்னால் தட்டுகள் மிதந்தன. ஒன்றில் பாரைத் துண்டு பொன்னிறமாகக் கிடந்தது. மாமி கேளாமலே வைத்துவிட்டார் போல என்று நினைத்தேன். கை தானாகப் போனது. பிய்த்து வாயில் வைத்தேன். உப்பு! மிளகாய்! தேசிக்காய்ப் புளி! கண்களை மூடிக்கொண்டேன், இம்முறை இரண்டையும். இன்னொரு விள்ளல். இன்னொன்று.

"பிள்ளை..." மாமியின் குரல் வெகு தூரத்தில் இருந்து வந்தது. "அது ஃபாதரின்ட தட்டு."

பார்த்தேன். முள் மட்டும் மிச்சமிருந்தது. ஃபாதர் கையை மடியில் வைத்தபடி பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

எனக்கு அழுகை வந்தது. அதோடு மற்றதெல்லாம் வந்தது: வருத்தத்தின் பெயர், வெக்கை, இரண்டிரண்டாகத் தெரிவது, பூசணிக்காய், பஸ் ஆன்ட்டி.

மாமி அன்ரனியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அம்மா."

"தெரிஞ்சுதான் இவவைக் கட்டக் கேட்டனியோ?"

"ஓம்."

மாமி எழுந்து உள்ளே போனார். என் கல்யாணமும் அவர் பின்னாலேயே குசினிக்குள் போவதுபோல இருந்தது. திரும்பி வந்தபோது கையில் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துவாய். என் பிடரியில் வைத்து அழுத்தினார்.

"டொக்டர் மீன் சாப்பிட வேண்டாமெண்டவரோ?"

"இல்லை மாமி. சாப்பிடச் சொன்னவர்."

"பின்ன ஆர் வேண்டாமெண்டது?"

"மேல் வீட்டு அக்கா."

"அவவும் டொக்டரோ?"

"இல்லை... தையல் கிளாஸ் வச்சிருக்கிறா."

ஃபாதர்தான் முதலில் சிரித்தார். "அப்ப எனக்குக் கண்ணடிச்சது?"

"உங்களை ஒரு ஆளாக்கிப் பாக்கத்தான், ஃபாதர்."

மாமி அன்று கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. அடுத்த ஞாயிறு, வெயில் ஏறும் முன்பே வெள்ளவத்தையில் வந்து இறங்கினார். கொண்டுவந்திருந்த சிவப்பரிசிச் சோறு, மீன் குழம்பு, கீரையை என் அம்மாவின் கையில் கொடுத்து, "பிள்ளை இப்பிடி மெலிஞ்சுகொண்டு போனா கல்யாண பிளவுஸை எந்த அளவுக்குத் தைக்கிறது?" என்று கேட்டார்.

வருத்தம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. சில நாட்களில் தடி வேண்டியிருக்கிறது; சில மத்தியானங்களில் உலகம் மறுபடியும் தண்ணீருக்கு அடியில் போய்விடுகிறது. ஆனால் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், மீனோடு. நத்தார் பண்டிகை விருந்துக்கு என்னை வேண்டுமென்றே ஃபாதருக்குப் பக்கத்தில்தான் இருத்துவார்கள். அவர் எழுந்து செபம் சொல்வார். முடிந்ததும் வலது கையால் சிலுவை அடையாளம் போடுவார். இடது கையால் தட்டை மூடிக்கொள்வார்.